பாட்டுக்குப் பொருள் கேட்டவர்கள்

தில்லையிலே ஒரு கேள்வி கேட்கப்பட்டதாகச் சைவ மரபு கூறும். மாணிக்கவாசகர் பாடப் பாட, அந்தணர் வடிவில் வந்த ஒருவர் திருவாசகம் முழுவதையும் ஏட்டில் எழுதிக்கொண்டாராம். பின்னர் ஒரு கோவையும் பாடுமாறு வேண்டி அதனையும் எழுதி, எழுதியவர் இன்னார் என்று இறுதியில் பொறித்து, சிற்றம்பலத்தின் பஞ்சாட்சரப் படியிலே ஏடுகளை வைத்துவிட்டு மறைந்தாராம். ஏடுகளைக் கண்டெடுத்த தில்லைவாழ் அந்தணர்கள் கவிஞரைத் தேடிச் சென்று, பாட்டின் பொருளை விளக்குமாறு கேட்டனர். அவர் உரை சொல்லவில்லை. அவர்களை அழைத்துக்கொண்டு சந்நிதிக்குச் சென்று, ஆடும் பெருமானைச் சுட்டி, பொருள் இவரே என்று சொல்லி, அங்கேயே கலந்துபோனார்.

இதனை வரலாறு என்று நிறுவ வேண்டிய கட்டாயம் நமக்கில்லை. கவிதையைப் பற்றியும் கலையைப் பற்றியும் நம் மண்ணில் பிறந்த மிக ஆழ்ந்த திறனாய்வுகளுள் ஒன்றாகவே இக்கதையை நாம் கருதுகிறோம். பொருள் என்பது பாட்டிலிருந்து பிழிந்து எடுத்துத் தனியே கிண்ணத்தில் வைக்கத்தக்க சாறு அன்று. பாட்டு யாரை நோக்கிப் பாடப்பட்டதோ அவரே பொருள் என்று இக்கதை சொல்லுகிறது. சிதம்பரத்தின் கலையைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்டவற்றைப் படிக்கும்போது, அந்தணர்களின் கேள்வி நம்மிடையே நிலைத்துவிட்டது, மாணிக்கவாசகரின் விடைதான் மறந்துவிட்டது என்று எண்ணத் தோன்றுகிறது.

இவ்வகை எழுத்துகளுக்கெல்லாம் தலையூற்று, ஆனந்த குமாரசுவாமி 1912-இல் ‘சித்தாந்த தீபிகை’யில் எழுதிய, சிவனின் நடனம் பற்றிய ஆங்கிலக் கட்டுரை. 1918-இல் நியூயார்க்கில் நூலாக வந்த தொகுப்புக்கும் அதுவே பெயர் தந்தது. ஈழத் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த அப்பேரறிஞர், நம் சிற்பங்களை விகாரங்கள் என்று எள்ளிய மேலைநாட்டாரின் கண்களைத் திறந்தவர். அவருக்கு நாம் பட்டுள்ள கடன் பெரிது. உடுக்கை படைத்தலையும், அஞ்சேல் என்னும் கை காத்தலையும், தீ அழித்தலையும், ஊன்றிய அடி மறைத்தலையும், தூக்கிய அடி அருளலையும் குறிக்கும் என்று அவர் காட்டிய ஐந்தொழில் விளக்கம் இன்று பள்ளிப் பாடநூல் வரையில் பரவிவிட்டது. அவ்விளக்கம் அவரது கற்பனையுமன்று. மனவாசகங்கடந்தார் இயற்றிய ‘உண்மை விளக்கம்’ முதலிய சைவ சித்தாந்த நூல்களிலிருந்தே அவர் அதை எடுத்தார்.

ஆயினும் ‘உண்மை விளக்கம்’ எத்தகைய நூல்? மாணவன் கேட்க ஆசிரியர் விடை பகரும் நூல். நம் வழக்கிலே சொன்னால் அது ஒரு ஞானோபதேச வினாவிடை. மறைக்கல்வி வகுப்பிலே அதற்கு இடமுண்டு, தேவையும் உண்டு. ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டின் வினாவிடையை வைத்துக்கொண்டு, ஏழாம் நூற்றாண்டின் பாட்டு எதைக் கண்டது என்று சொல்லிவிட முடியாது. குமாரசுவாமியின் கட்டுரையில் திருமேனி ஒரு வரைபடம் ஆகிவிடுகிறது. ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு கருத்து, ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் உறுப்பு. அவர் கண்முன் இருந்தது அருங்காட்சியகத் திருமேனி. பட்டும் மாலையும் இல்லாமல், நான்கு புறமும் வெளிச்சம் பட, பீடத்தின்மேல் தனித்து நிற்பது. தில்லைச் சந்நிதியிலோ, ஆடையும் அணிகலன்களும் மலர்களும் பெரும்பகுதியை மூடியிருக்க, திரையும் தீபமும் மாறி மாறி வர, அடியவர் காண்பது சில கணங்களே. அவர்கள் கண் தேடுவது முகத்தையும், அந்தத் தூக்கிய திருவடியையும்தான்.

வரைபடம் ஒருமுறை கையில் கிடைத்துவிட்டால், அதில் எதை வேண்டுமானாலும் ஏற்றிச் சொல்லலாம். பிரிட்ஜாப் காப்ரா 1975-இல் வெளியிட்ட நூலில் அணுத்துகள்களின் ஆட்டத்தை இக்கூத்தில் கண்டார். 2004-இல் இந்திய அரசு அன்பளித்த இரண்டு மீட்டர் உயர நடராசர், ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் அணு ஆய்வு மையத்தில் நிறுவப்பட்டார். அறிவியலாரின் வியப்பை நாம் குறை கூறவில்லை. வியப்பு எங்கிருந்து வந்தாலும் நன்றே. எனினும் அம்பலவாணர் முன்பு அழுது நின்ற ஒருவரும் துகள்களுக்காக அழவில்லை என்பதையும் சொல்லத்தானே வேண்டும்?

திருநாவுக்கரசரின் தில்லைப் பாடல்களைப் படிப்பவர்கள் இதனை எளிதில் உணர்வார்கள். ஐந்தொழில் அட்டவணை அங்கே இல்லை. புருவத்தின் வளைவு, இதழில் அரும்பும் சிரிப்பு, சடையின் ஈரம், மேனியில் நீறு என்று கண் இறங்கி இறங்கி வந்து எடுத்த பாதத்தில் நிற்கிறது. அதைக் காணக் கிடைக்குமாயின் இவ்வுலகில் மானிடராய்ப் பிறப்பதும் வேண்டத்தக்கதே என்று பாட்டு முடிகிறது. பிறவி வேண்டாம் என்பதே பொது வேண்டுதலாக இருந்த ஒரு சமய உலகில் இது எத்துணை துணிவான சொல் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இங்குக் கலை கருத்தை உணர்த்தவில்லை. ஒரு மனிதரின் வேண்டுதலையே மாற்றிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. இன்று நாம் காணும் செப்புத் திருமேனியின் வடிவம் பெருவழக்கானது பத்தாம் நூற்றாண்டில், செம்பியன் மாதேவியார் போன்ற சோழ அரசியரின் காலத்தில்தான். அப்பரோ அதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் முற்பட்டவர். ஆகவே சிலையைப் பார்த்துப் பாட்டு எழுந்தது என்பதைவிட, பாட்டைக் கேட்டுக் கேட்டு ஊறிய செவிகளின் வழியே சிலை எழுந்தது என்பதே பொருந்தும். சோழர் காலத்துச் சிற்பியை நாம் தேவாரத்தின் முதல் உரையாசிரியர் எனலாம்.

கடலூர் வாசகர்களுக்கு அப்பர் அயலவர் அல்லர். பண்ணுருட்டிப் பக்கத்துத் திருவாமூரில் பிறந்து, இன்று திருப்பாதிரிப்புலியூர் எனப்படும் பாடலிபுரத்திலே சமணராய் வாழ்ந்து, திருவதிகையில் தமக்கையாரிடம் திரும்பியவர். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டபோது, பாடிக்கொண்டே மிதந்து நம் கரையில்தான் ஏறினார் என்பது மரபு. கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் ஊரே அப்பெயரைச் சுமந்து நிற்கிறது. பாட்டு கருத்தை மட்டும் சுமப்பதன்று, கல்லையும் சுமக்கும் என்று நம்பிய மக்களின் ஊர்ப்பெயர் அது.

இனி, சிதம்பர இரகசியம். ஆடும் பெருமானுக்கு அருகில் ஒரு திரை. திரையை விலக்கினால் உருவம் ஏதுமில்லை, வெற்றிடத்தின் முன் தொங்கும் பொன் வில்வ மாலை மட்டுமே. உருவக் கலையின் உச்சமும் உருவமற்ற வெளியும் ஒரே கூரையின் கீழ், சில அடி தொலைவில்! நம் கிறிஸ்தவக் கருத்தரங்குகளில் இதனைப் பற்றிப் பேசுவோர் பலர், உயிர்ப்பு நாளின் வெறுமையான கல்லறையை உடனே ஒப்பிட்டுவிடுகின்றனர். கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் அவசரமான ஒப்பீடு என்றே நாம் கருதுகிறோம். கல்லறை வெறுமையாய் இருந்தது, அங்கே இருந்தவர் அங்கே இல்லை என்பதால். அம்பலத்தின் வெளியோ, அங்கே இருப்பதை எதுவும் அடக்காது என்று நம்புவதால் வெளியாய் விடப்பட்டது. ஒன்று நிகழ்ச்சி, மற்றது நிலை. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுமே நம் கையை விட்டுப் போய்விடும். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமானவை எவற்றையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் உரைத்தபோது, அவற்றை நம்முடையவையாக மாற்றி எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை.

இத்தகைய அவசரம் எங்குக் கொண்டுபோய் விடும் என்பதற்கு, கடல் கடந்த ஒரு நாட்டில் நடந்ததைக் காட்டலாம். பாட்டும் உருவமும் வெற்றிடமும் பற்றிய இதே கேள்விகள் மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்களிடையேயும் எழுந்துள்ளன. அவர்களது நாவாட்ல் மொழியில் இரு சொற்களைச் சேர்த்து மூன்றாவதொரு பொருளைக் குறிக்கும் வழக்கம் உண்டு. நீரும் மலையும் என்றால் ஊர். நம் வழக்கில் பூவும் பொட்டும் என்றால் பூவுமன்று பொட்டுமன்று, ஒரு பெண்ணின் மங்கல வாழ்வு அல்லவா? அதுபோல அவர்களிடம் ‘பூவும் பாட்டும்’ என்றால் கவிதை. இன்னும் விரித்தால், கலை முழுவதும். இவ்வழக்கத்தை ஆராய்ந்து உலகறியச் செய்தவர் ஆங்கேல் மரியா கரிபாய் (1892–1967) என்னும் மெக்சிகோ நாட்டுக் குரு. பங்குப் பணியோடு பழம்பாடல்களையும் மொழிபெயர்த்தவர். அவருடைய மாணவர் மிகேல் லெயோன்-போர்த்தில்யா, நிலையற்ற இவ்வுலகில் உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே மொழி பூவும் பாட்டுமே என்று அக்கவிஞர்கள் எண்ணினர் என 1956 முதல் வாதிட்டு வந்தார்.

அப்பாடல்களின் தொகுப்பு மெக்சிகோவின் தேசிய நூலகத்தில் உள்ளது. தில்லைப் பாடல்களிலிருந்து அவை பெரிதும் வேறுபடுகின்றன. மாணிக்கவாசகர் அழும்போதும் யாரிடம் அழுகிறோம் என்பதில் அவருக்கு ஐயமில்லை. நாவாட்ல் கவிஞருக்கோ அதுவே ஐயம்: உயிர் தருபவரே, நீர் உண்மையில் இருக்கிறீரா, நாங்கள் இங்கே சிறிது நேரந்தானா என்ற கேள்வி அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. பூ வாடும், பாட்டு ஓயும் என்ற அச்சம் ஒவ்வொரு பாடலிலும் நிழலாடுகிறது. அதே மக்களின் தலைமைக் கோயிலில் மனித இரத்தம் சிந்தப்பட்டது என்பதையும் மறைக்க இயலாது. பூ என்ற சொல்லே அவர்களுடைய போர்ப் பெயரிலும் புகுந்தது. அழகு மட்டும் ஒரு சமயத்தைத் தூய்மையாக்கிவிடாது, நம்முடையதையுந்தான்.

அங்கேயும் உருவமற்ற கோயில் ஒன்று உண்டென்பர். டெஸ்கோகோ நகரின் அரசரும் கவிஞருமான நெசாவால்கோயோட்ல் (1402–1472), அறியப்படாத கடவுளுக்கு உருவம் ஏதுமின்றி உயர்ந்த கோயில் எழுப்பினார் என்று அவர் வழிவந்த வரலாற்றாசிரியர் ஒருவர் பதினேழாம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். கிறிஸ்தவர்கள் அதைப் படித்து மகிழ்ந்தனர். ஆனால் கிறிஸ்தவ ஆட்சியாளர் கண்களுக்கு உகந்தவராகத் தம் முன்னோரைக் காட்டவே அவர் அவ்வாறு எழுதினார் என்று அண்மைக்கால ஆய்வாளர்கள் பலர் ஐயுறுகின்றனர். அக்கவிஞர் பெயரில் வழங்கும் பாடல்கள் அவருடையவைதாமா என்பதும் கேள்விக்குரியதாயிற்று. பிறர் வீட்டு வெற்றிடத்தில் நம் முகத்தையே கண்டு மகிழும் சோதனை அங்கும் இங்கும் ஒன்றே.

ஆயினும் அங்கிருந்து வரும் இன்னொரு செய்தி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. 1790 ஆகஸ்டில் மெக்சிகோ நகரின் பெருஞ்சதுக்கத்தைத் தோண்டியபோது, பாம்புகள் பின்னிய ஆடை அணிந்த கோவாட்லிக்குவே என்னும் அன்னைத் தெய்வத்தின் மாபெரும் கற்சிலை வெளிப்பட்டது. பல்கலைக்கழக முற்றத்தில் அதை வைத்தனர். சிறிது காலத்தில் பழங்குடி மக்கள் பூக்களும் மெழுகுவர்த்திகளும் கொண்டு வரத் தொடங்கவே, அஞ்சி அதனை மீண்டும் மண்ணில் புதைத்தனர். பின்னர் அலெக்சாண்டர் ஹம்போல்ட் என்னும் செர்மானிய அறிஞர் பார்க்க விரும்பியதால் தோண்டிக் காட்டினர், மறுபடியும் புதைத்தனர். இன்று அது அருங்காட்சியகத்தில் கலைச்செல்வமாக நிற்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசரை ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடம் 2008-இல் ஐம்பது இலட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, 2014-இல் திருப்பித் தந்தது நம் நினைவுக்கு வருகிறது. விலை நிர்ணயித்தவர்களிடம் ஐந்தொழில் விளக்கம் தவறாமல் இருந்திருக்கும்.

அந்நாட்டில் பாடல்கள் தப்பிப் பிழைத்ததற்குக் காரணமானவர்களுள் நம் துறவிகளும் உண்டு. ஏடுகளை எரித்தவர்களுள்ளும் உண்டு. பிரான்சிஸ்கன் துறவி பெர்னார்டினோ டி சகாகுன் 1529-இல் அங்குச் சென்று, முதியோரைக் கேட்டு, நாவாட்ல் மொழியிலேயே பன்னிரண்டு பகுதிகள் கொண்ட பெருநூலைத் தொகுத்தார். 1577-இல் அரச ஆணை அவருடைய கையெழுத்துப் படிகளைப் பறித்தது. இன்று அந்நூலைப் பார்க்க வேண்டுமானால் பிளாரன்சு நகர நூலகத்திற்குச் செல்ல வேண்டும். அவர் உயிரோடிருந்தபோது அச்சேறியது, அம்மக்கள் ஆடிப்பாட அவர்கள் மொழியில் இயற்றித் தந்த கிறிஸ்தவப் பாடல் நூல் ஒன்றே (1583). குவாதலூப்பே அன்னையின் வரலாற்றை 1649-இல் நாவாட்ல் மொழியில் அச்சான வடிவிலே படிப்போர் ஒன்றைக் கவனிக்கலாம். தெப்பேயாக் குன்றில் யுவான் தியேகோ முதலில் கேட்டது பறவைகளின் பாட்டு. இறுதியில் அவர் மடியில் ஏந்திச் சென்றது பூ. ஆயருக்குப் பூ மட்டும் அடையாளமாயிற்று. அம்மக்களுக்கோ பூவும் பாட்டும் சேர்ந்தே வந்தது.

தில்லையிலும் ஏடுகள் அழிவின் விளிம்புக்குச் சென்றன. தேவார ஏடுகள் கோயிலின் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன என்றும், பாடிய மூவரும் வந்தாலன்றிக் கதவு திறவாது என்று அந்தணர்கள் கூறினர் என்றும், அரசன் மூவரின் திருவுருவங்களையே ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்திக் கதவைத் திறப்பித்தான் என்றும் மரபு உரைக்கும். உள்ளே கறையான் புற்று. மிஞ்சியவை எண்ணூறுக்குச் சற்றே குறைந்த பதிகங்கள். இக்கதையில் அரசன் பெயரைவிட நம்மைக் கவர்வது அந்த ஊர்வலந்தான். முன்பு பாட்டின் பொருளாகச் சிலை காட்டப்பட்டது. இப்போது சிலைகள் வந்து பாட்டின் கதவைத் திறக்கின்றன.

எந்தப் பாட்டு புனிதமானது என்ற வழக்கு நம் ஊர் நீதிமன்றப் படியும் ஏறியிருக்கிறது. சிதம்பரத்திற்கு அருகே மருதூரில் 1823-இல் பிறந்த இராமலிங்க அடிகளாரின் பாடல்கள் 1867-இல் ‘திருவருட்பா’ என்ற பெயரில் வெளிவந்தன. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் எதிர்த்தார். அருட்பா என்னும் பெயர் திருமுறைகளுக்கே உரியது, வாழும் ஒருவருடைய பாடல்களைக் கோயில்களில் அவற்றுக்கு நிகராகப் பாடலாகாது என்பது அவர் வாதம். 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது, தள்ளுபடியாயிற்று. பூசல் ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருட்பாவுக்காக வாதாடியவர்களுள் கோட்டாற்றைச் சேர்ந்த இசுலாமியப் புலவர் செய்குத்தம்பிப் பாவலரும் ஒருவர். (சைவப் பாட்டைப் பற்றிக் கத்தோலிக்கக் குருவானவர் எழுதலாமா என்று கேட்கும் அன்பர்கள் இதனை நினைவிற் கொள்ள வேண்டுகிறோம்.)

நாவலரை வெறும் பழமைவாதி என்று ஒதுக்குவது முறையன்று. எல்லாப் பாட்டும் புனிதம் என்றால் எந்தப் பாட்டும் புனிதம் இல்லை என்பது அவர் அச்சம். திரைப்பட மெட்டில் அமைந்த பாடல்களைத் திருப்பலியில் கேட்டு வருந்தும் நம் பாடகர் குழுவினருக்கு அந்த அச்சம் விளங்கும். ஆனால் வழக்குக்குப் பின் வள்ளலார் செய்ததுதான் உண்மையான மறுமொழி என்போம். வடலூரில் 1872-இல் எண்கோண வடிவில் சத்திய ஞான சபையை எழுப்பி, உருவம் வைக்காமல், ஏழு திரைகளுக்குப் பின் ஒரு சுடரை வைத்து, அவ்விடத்தை உத்தர ஞான சிதம்பரம் என்றழைத்தார். தில்லையின் ஒரு திரை அங்கே ஏழாயிற்று, வெளி ஒளியாயிற்று, ஆடும் திருமேனி காணாமற்போயிற்று. கலை நோக்கில் அது இழப்பு என்றே நமக்குப் படுகிறது. அப்பர் கண்ட அந்தச் சிரிப்பு சுடரில் இல்லை. ஆனால் அச்சபைக்கு ஐந்தாண்டுகள் முன்பே அங்கே பசித்தோருக்கு அடுப்பு மூட்டப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

தில்லையைப் பாடியவர்களுள், உள்ளே வர முடியாதவரின் குரலாகப் பாடியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அவரது ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யில், ஆதனூர்ப் புலையர் நந்தனார் நாளைப் போவேன் நாளைப் போவேன் என்று ஏங்கும் அம்பலம், கட்டடமாக அன்று, தொலைவாகவே இருக்கிறது. சேக்கிழார் சுருங்கச் சொன்னதைப் பாரதியார் விரித்ததில் கொடுமைக்கார வேதியர் போன்ற புதிய பாத்திரங்கள் புகுந்தன. மூலத்தினின்று விலகியதாகக் குறை கூறியோரும் உண்டு. விலகல்தான், ஆனால் நந்தனாரின் காத்திருப்பை நம் செவியில் கேட்கச் செய்தது அந்த விலகலே. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த நம் கத்தோலிக்கப் புலவர் வேதநாயகம் பிள்ளைக்கு இவர் நண்பர். 1870-களின் பெரும் பஞ்சத்தில் பிள்ளையவர்கள் செய்த கொடையைப் புகழ்ந்து பாரதியார் கீர்த்தனை பாடினார். பிள்ளையவர்களோ ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ இயற்றினார். அந்த நட்பில் யாரும் யாருடைய பாட்டையும் தமதாக்கிக்கொள்ளவில்லை.

நம் காலத்தில், 2005-இல் இளையராஜா திருவாசகப் பாடல்கள் சிலவற்றை மேலைநாட்டுப் பேரிசைக் குழுவோடு இணைத்து வெளியிட்டார். தமிழ் மையத்தின் வழியாக அதற்கு முன்னின்றவர் ஜெகத் கஸ்பார் ராஜ் என்னும் குரு. அம்முயற்சியை நாம் மதிக்கிறோம். ஆனால் பல குரல்களும் கருவிகளும் ஓங்கி எழும் இடங்களில் பாட்டு வியப்பாகிறது. இசை தணிந்து ஒரே குரல் கெஞ்சும் இடங்களிலேதான் திருவாசகமாகிறது. கெஞ்சுபவருக்குத் துணைக்குழு எதற்கு?

சிற்றம்பல மேடையில் நின்று தமிழ்ப் பதிகங்களைப் பாடும் உரிமைக்காக ஆறுமுகசாமி என்னும் முதிய ஓதுவார் ஆண்டுக்கணக்கில் போராடினார். 2008 பிப்ரவரி இறுதியில் அரசாணை பிறந்தது. மார்ச் 2 அன்று காவலர் சூழ, எதிர்ப்புக்கும் தள்ளுமுள்ளுக்கும் நடுவே அவர் மேடையேறிப் பாடினார். கோயில் நிர்வாகம் தீட்சிதர்களுக்கே உரியது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடியவர்கள் கனகசபையில் ஏறி வழிபடுவது பற்றி 2022-இலும் அரசாணை ஒன்று வந்தது. 1960-களின் நடுப்பகுதி வரை இலத்தீனே நம் பீடத்தின் மொழியாக இருந்ததால், இதில் நாம் யாருக்கும் நீதிபதியாக அமர விரும்பவில்லை. அந்த மார்ச் மாதத்தில் செய்தித்தாள்கள் உரிமையைப் பற்றியும் ஆகமத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாய் எழுதின. பாடப்பட்டது தேவாரம், அதன் ஏடுகள் கறையானுக்கு இரையாகிக் கிடந்த அறை இருந்ததாகச் சொல்லப்படுவது அதே கோயிலுக்குள்தான்.